விழுந்தவன் எழும்பும் வரை

“எனக்கு அடிக்கச் சொல்லித் தாருங்க” என்றாள் லீலாபாய்.

“யாரை?” என்றார் ஆசான்.

“அது எதுக்கு உங்களுக்கு?”

“அளவு தெரியணும்லா.”

லீலாபாய்க்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவள் என்ன ஜாக்கெட்டா தைக்கக் கேட்டாள்?

ஆசானின் பெயர் தாணுலிங்கம். பகலில் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். விடியற்காலையில் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் களத்தில் கம்பும் அடிமுறையும் சொல்லிக் கொடுப்பார். லீலாபாயை விட வயதில் சின்னவர். பஸ்ஸில் நாள் முழுக்கக் கத்திக் கத்தி ஓய்ந்ததாலோ என்னவோ, களத்தில் வாயைத் திறக்கவே மாட்டார். திறந்தாலும் பாதிதான் வரும்.

லீலாபாய்க்கு மார்க்கெட்டில் வாழைக்குலைக் கடை. புருஷன் மஞ்சள்காமாலையில் போனபிறகு கடையையும் மகள் அஜிதாவையும் தனியாகத்தான் தூக்கிச் சுமக்கிறாள்.

“எனக்க கொழுந்தன்” என்றாள் கடைசியில். “ஜஸ்டஸ்.”

“என்ன செய்யான்?”

“கடை அவனுக்க அண்ணன் கடையாம். அதனால அவனுக்குள்ளதாம். குடிச்சிட்டு வந்து தராசைத் தூக்கி எறியான். போன வாரம் எனக்க முடியைப் பிடிச்சு ரோட்டுல இழுத்தான். மார்க்கெட்டே பாத்துட்டு நின்னுது.”

“ஸ்டேஷனுக்குப் போனீங்களா?”

“போனேன். குடும்ப விஷயம், பேசித் தீருங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க.”

“மறுபடியும் போங்க.”

“போவேன். அதுவரைக்கும் அவன் முடியைப் பிடிச்சா?”

நியாயமான கேள்வி. நியாயமான கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் ஆசானுக்குக் கிடையாது.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் லீலாபாய் ஒரு ஏத்தன் வாழைக்குலையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். குருதட்சணை. சும்மா கேட்டால் சொல்லித் தர மாட்டார் போலிருக்கிறது, வாங்கிக்கொண்டாவது தரட்டும் என்று அவள் கணக்கு.

குலையை இறக்கும்போது முழங்காலை மடக்கி, ஒரு கையைக் கீழே கொடுத்து, காயில் ஒன்று கூடத் தரையில் இடிக்காமல் வைத்தாள்.

ஆசான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இவ்வளவு மெதுவா வச்சீங்க?”

“பொத்துன்னு போட்டா கன்னிப்போவும். இப்பம் தெரியாது. பழுக்கும்போது கறுப்பா தெரியும்.”

“நாளைக்கு வாங்க எக்கா” என்றார் ஆசான்.

அவ்வளவுதான். சேர்த்துக்கொண்டாயிற்று. ஏன் என்று லீலாபாய் கேட்கவில்லை. கேட்டாலும் வராது.

*

அந்தக் களத்தில் ஒரு வழக்கம் உண்டு.

ஒருவன் இன்னொருவனை விழ வைத்தால், விழ வைத்தவன்தான் அவனை எடுக்க வேண்டும். தலையைத் தாங்கி உட்கார வைத்து, அடிபட்ட இடத்தில் எண்ணெய் போட்டு, தண்ணீர் கொடுத்து, அவன் தானாக எழும்பி நிற்கிற வரை பக்கத்திலேயே இருக்க வேண்டும். அதுவரை ஆட்டம் முடியவில்லை. நடுவில் எழுந்து போனவனுக்கு மறுநாள் களத்தில் இடம் இல்லை.

லீலாபாய்க்கு முதலில் கொடுத்த வேலை இதுதான். மற்றவர்கள் அடித்துக்கொள்வார்கள். விழுந்தவனை அவள் எடுக்க வேண்டும்.

ஆடி போய் ஆவணி வந்தது. ஆவணி போய் புரட்டாசியும் வந்தது.

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.

கொத்தனார், பால்காரர், பிளஸ் டூ வாத்தியார் என்று ஊரில் உள்ள அத்தனை ஆம்பிளைகளின் முதுகிலும் எண்ணெய் தேய்த்தாகிவிட்டது. கம்பை மட்டும் தொடவிடவில்லை.

ஒருநாள் எண்ணெய்க் கிண்ணத்தை ஆசானின் காலடியில் வைத்தாள். பொத்தென்றுதான் வைத்தாள்.

“நான் அடிக்கப் படிக்க வந்தேன்.”

“தெரியும்.”

“ஆயா வேலை பாக்க வரல்ல.”

“தெரியும்.”

“பின்னே எப்பம் அடிக்கச் சொல்லித் தருவீங்க?”

“அடிக்கத் தெரியாத ஆளு உலகத்துல உண்டா எக்கா? தொட்டில்ல கிடக்கிற பிள்ளை கூட அடிக்கும்.”

“அப்பம் நான் கையைக் கட்டிட்டு நிக்கணும், அவன் வந்து எனக்க மண்டையை உடைக்கணும். அதுதானே சொல்லுகீங்க?”

ஆசான் கையில் இருந்த கம்பைச் சட்டென்று ஓங்கி அவள் முகத்துக்கு நேராக வீசினார்.

லீலாபாய் யோசிக்கவில்லை. யோசிக்க எங்கே நேரம்? இடது கை தானாக மேலே போய்க் கம்பைத் தடுத்தது. வலது கை தானாக ஆசானின் நெஞ்சில் இறங்கியது. தினமும் குலை சுமக்கிற கை. ஆசான் மல்லாக்க விழுந்தார்.

களமே அப்படியே நின்றது. குருவை அடித்த பாவம் எந்தத் தண்ணீரில் போகும் என்று பால்காரர் வானத்தைப் பார்த்தார்.

ஆசான் மண்ணில் கிடந்தபடியே சிரித்தார்.

“இது உங்களுக்க உரிமை. எந்தக் கோர்ட்டும் இதைத் தப்புன்னு சொல்லாது” என்றார். “இப்பம் எடுங்க.”

லீலாபாய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினாள்.

*

மறுநாள் காலையில் ஆசான் கண்டக்டர் சட்டை போடவில்லை. லீவு.

“கடையைப் பிள்ளைகிட்ட விட்டுட்டு வாங்க” என்றார். “ஒரு இடத்துக்குப் போவோம்.”

போன இடம் கோர்ட். லீலாபாய் பிறந்ததிலிருந்து கோர்ட் வாசலை மிதித்ததில்லை. கறுப்புக் கோட்டுகளைப் பார்த்ததும் தப்பு செய்தவள் மாதிரி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

உள்ளே பின் பெஞ்சில் உட்கார இடம் கிடைத்தது. கூண்டில் ஒரு ஆள் நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, நன்றாகச் சவரம் செய்த முகம். கோயில் கமிட்டியில் பார்க்கிற முகம். ரௌடி மாதிரி இல்லவே இல்லை.

“யாரு இவரு?” என்று ஆசானிடம் மெதுவாகக் கேட்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் சொன்னாள்.

“எனக்க வீட்டுக்காரரு. தேவதாசன். எங்க தோப்புல தேங்காய் திருட ஒருத்தன் வந்தான். இவரு பிடிச்சாரு. அவன் அரிவாளை எடுத்து வீசிட்டான். இவரு கம்பால ஒண்ணு குடுத்தாரு. அரிவாள் தெறிச்சுப் போச்சு.”

“நல்லதுதானே செஞ்சாரு.”

“அதோட விட்டிருந்தா நல்லதுதான்.”

ஜட்ஜ் தலையை நிமிர்த்தினார். அதட்டவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

“உங்க தோப்பு. உங்க உயிர். அவன் அரிவாளோட வந்தான். நீங்க அடிச்சீங்க. அதுவரைக்கும் எனக்குப் புரியுது. அரிவாள் கீழ விழுந்த பிறகு என்ன செஞ்சீங்க?”

தேவதாசன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“அடிச்சேன் ஐயா.”

“ஏன்? அவன் கையில ஒண்ணும் இல்லையே.”

“ஆத்திரம் ஐயா.”

“அவன் ஓடப் பார்த்தானா?”

“ஓடப் பார்த்தான்.”

“அப்புறமும் அடிச்சீங்க?”

தேவதாசன் தலையைக் குனிந்துகொண்டார். ஜட்ஜுக்குக் கீழே இருந்த டைப்பிஸ்ட் அதையும் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தத் திருடன் இப்பம் எங்க?” என்று லீலாபாய் கேட்டாள்.

“படுக்கையில. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் அசையாது. அவனுக்கும் ரெண்டு பிள்ளைங்க” என்றாள் அந்தப் பெண். அழவில்லை. அழுது முடித்திருந்தாள். “முதல் அடிக்கு ஊரே கை தட்டிச்சுது எக்கா. வீட்டுக்கு வந்து மாலை போட்டாங்க. மிச்ச அடிக்கு நான் ஒருத்திதான் கோர்ட்டுக்கு வாறேன்.”

பையிலிருந்து சாப்பாட்டுத் தூக்குப் பாத்திரத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோர்ட் கலையும்போது அவருக்கு ஒரு வாய் கொடுக்க விடுவார்களோ என்னவோ என்று சொன்னாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஆசான் டிக்கெட் எடுத்தார். கண்டக்டரே டிக்கெட் எடுப்பதைப் பார்த்து ஓட்டுநர் கண்ணாடியில் சிரித்தார்.

ஊர் வந்தது.

இறங்குகிற நேரத்தில் ஆசான் கேட்டார்.

“நீங்க உள்ள போயிட்டா, அஜிதா யாரு வீட்டுல நிப்பா?”

லீலாபாய் படியில் வைத்த காலை எடுக்கவில்லை.

அவளுக்கு அம்மா இல்லை, அண்ணன் தம்பி இல்லை. அவள் ஜெயிலுக்குப் போனால் கடைச்சாவியும் வீட்டுச்சாவியும் அந்தப் பிள்ளையும் நேராக ஒருத்தன் கைக்குத்தான் போகும்.

“சித்தப்பன் வீட்டுல” என்றாள்.

“முன்னால போங்க, முன்னால போங்க” என்று பின்னாலிருந்து யாரோ தள்ளினார்கள்.

*

மறுநாள் ஆசான் அவள் கையில் கம்பு கொடுத்தார்.

பயிற்சி ஒன்றே ஒன்றுதான். ஆசானும் கம்போடு வருவார். அடிப்பார். நிஜமாகவே அடிப்பார். அவளும் திருப்பி அடிக்க வேண்டும். எந்த நேரத்தில் என்று தெரியாது, திடீரென்று ஆசான் தன் கம்பைக் கீழே போட்டுவிடுவார். கம்பு தரையில் விழும் சத்தம் கேட்டதும் அவள் கை நின்றுவிட வேண்டும்.

நிற்குமா? அது என்ன மோட்டார் ஸ்விட்சா?

முதல் நாள் கம்பு விழுந்த பிறகும் ஆசானின் தோளில் ஒன்று வைத்தாள். உட்கார்ந்து எண்ணெய் போட்டாள். அடுத்த நாளும் வைத்தாள். அடுத்த நாளும் எண்ணெய்.

“கை கேக்க மாட்டேங்குது ஆசானே” என்றாள். “எனக்க கொழுந்தன் மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்குது.”

“நல்லது. அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டே பழகுங்க. அவனுக்க மூஞ்சியைப் பாத்துத்தானே நிறுத்தணும். எனக்க மூஞ்சியைப் பாத்து நிறுத்தி என்ன பிரயோஜனம்?”

ஐப்பசி மழையில் களம் சேறானது. சேற்றில் கம்பு விழுந்தால் சத்தமே வராது. ஆனாலும் ஒரு காலையில் லீலாபாயின் கம்பு ஆசானின் நெற்றிக்கு ஒரு விரல்கடை முன்னால் வந்து அப்படியே நின்றது.

அவளுக்கே நம்ப முடியவில்லை. “நின்னுட்டு!” என்று கத்தினாள். “ஆசானே, நின்னுட்டு பாத்தீங்களா!”

அவள் சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் ஆசான் குனிந்து, கீழே கிடந்த கம்பை எடுத்து அவள் முழங்காலில் ஒன்று வைத்தார்.

“அம்மே!”

“வலிக்கா?”

“நீங்கதானே சொன்னீங்க! கம்பு விழுந்தா நிறுத்தணும்னு!”

“கம்பு விழுந்துது. எடுக்கக் குனிஞ்சேன். பாத்துட்டு நின்னீங்க. கை நின்னா கண்ணும் நிக்கணுமா?”

சொல்லிவிட்டு ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தார். அடித்தவர் அவர். எடுக்க வேண்டியதும் அவர்தான்.

லீலாபாய் முழங்காலைத் தடவிக்கொண்டு முறைத்தாள். எண்ணெய் போட்டு முடிகிற வரைக்கும் முறைத்தாள். பிறகு கம்பை ஊன்றி எழுந்தாள்.

“இன்னொரு தடவை வாருங்க” என்றாள்.

*

ஜஸ்டஸ் வந்தது சனிக்கிழமை நடுப்பகலில். மார்க்கெட் நெரிகிற நேரம். கையில் இரும்புக் குழாய்.

கடையில் அஜிதா இருந்தாள். லீலாபாய் லாரியிலிருந்து குலை இறக்கிக்கொண்டிருந்தாள்.

“கடையைச் சாத்து” என்றான் ஜஸ்டஸ். அஜிதாவின் கையைப் பிடித்து இழுத்தான். “வா வீட்டுக்கு. உங்க அம்மைக்கு இனி இங்க வேலை இல்ல.”

“சித்தப்பா, விடுங்க! வலிக்கு!”

லீலாபாய் தோளில் இருந்த குலையை இறக்கினாள். அந்த அவசரத்திலும் மெதுவாகத்தான் இறக்கினாள். பழக்கம்.

“பிள்ளையை விடுலேய்.”

“வந்துட்டா மைனி!” என்று சிரித்தான் ஜஸ்டஸ். அஜிதாவை விட்டுவிட்டுக் குழாயை ஓங்கினான்.

குழாய் லீலாபாயின் இடது தோளில் இறங்கியது. தலைக்கு வந்தது, அவள் விலகியதால் தோளோடு போனது. கண்ணில் பூச்சி பறந்தது.

குலை தொங்கவிடுகிற மூங்கில் கம்பு கைக்கு எட்டுகிற தூரத்தில் சாய்ந்திருந்தது.

அவன் மறுபடி ஓங்கினான். அவள் அவனுடைய மணிக்கட்டில் அடித்தாள்.

இரும்புக் குழாய் கல்தரையில் ணங்கென்று விழுந்தது.

லீலாபாயின் கை நின்றது.

கண் நிற்கவில்லை. ஜஸ்டஸ் குனிந்து இன்னொரு கையால் குழாயை எட்டிப் பிடிப்பதைப் பார்த்தாள். முழங்காலுக்குப் பின்னால் ஒன்று வைத்தாள். கால் மடங்கி விழுந்தான். விழும்போது கடைப்படியின் விளிம்பில் தலை இடித்தது. ரத்தம் பொத்துக்கொண்டு வந்தது.

அவள் காலால் குழாயைப் பெஞ்சுக்கடியில் தள்ளினாள்.

இப்போது அவன் கீழே கிடக்கிறான். கையில் ஒன்றும் இல்லை. அவள் கையில் கம்பு ஓங்கி நிற்கிறது.

“போடு எக்கா!” என்றான் எதிர்க்கடைக்காரன். “மண்டையிலயே போடு! நாங்க சாட்சி சொல்லுகோம், அவன்தான் முதல்ல அடிச்சான்னு!”

அன்றைக்கு அவளை முடியைப் பிடித்து இழுத்தபோது பார்த்துக்கொண்டு நின்ற அதே எதிர்க்கடைக்காரன்.

லீலாபாய்க்குப் போட வேண்டும் போலத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். புருஷன் செத்த பதினாறாம் நாள் வீட்டு வாசலில் வந்து நின்று கடைச்சாவி கேட்டவன். அவள் பார்க்கவில்லை என்று நினைத்துப் பிள்ளையை ஒருமாதிரியாகப் பார்த்தவன். இன்றைக்கு ஒரே போடு. எல்லாம் முடிந்தது. இனி ஒரு நாள் கூட அவன் வர மாட்டான்.

அஜிதா கடை ஓரத்தில் நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் பார்த்த அந்தத் தூக்குப் பாத்திரத்தை இனி இந்தப் பிள்ளைதான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று லீலாபாய்க்குத் தோன்றியது.

கம்பைக் கீழே வைத்தாள். முழங்காலை மடக்கினாள். ஜஸ்டஸின் தலைக்குக் கீழே கையைக் கொடுத்து எடுத்தாள்.

கடை வேலைக்குத் தோளில் போட்டிருந்த துவர்த்துத் துண்டை உருவி, மடித்து, காயத்தில் வைத்து அழுத்தினாள்.

“பிள்ளே, ஆம்புலன்ஸுக்குப் போன் போடு. போலீசுக்கும் போடு. ரெண்டுக்கும் போடு.”

“அம்மா, உனக்க தோளு...”

“தோளு எங்கயும் போவாது. போன் போடு.”

மூட்டை தூக்கும் சுமட்டுத் தொழிலாளிகள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான். லீலாபாய் மேல் பாசம். அதில் ஒருத்தன் ஜஸ்டஸின் விலாவில் ஓங்கி ஒரு மிதி கொடுத்தான்.

“பொம்பளைகிட்டயா வீரத்தைக் காட்டுக, சவமே!”

இன்னும் நாலு பேர் நெருங்கினார்கள். ஒருத்தன் கையில் குலை வெட்டுகிற கத்தி.

லீலாபாய் எழுந்தாள். மூங்கில் கம்பை மறுபடி எடுத்தாள்.

கீழே கிடந்தவனுக்குக் குறுக்கே காலை விரித்து நின்றாள்.

“தொடாதீங்க.”

“எக்கா! இவன் உன்னைக் கொல்ல வந்தவன்!”

“எனக்குத் தெரியாதா? எனக்க தோளுதான் நோவுது, உனக்க தோளா நோவுது?” அவள் குரல் மார்க்கெட் முழுக்கக் கேட்டது. “இவனை எனக்க கடை வாசல்ல எவனாவது தொட்டான், அவன் கையையும் தட்டுவேன். கத்தியைக் கீழ போடு. போடுலேய்!”

கத்தி விழுந்தது.

கீழேயிருந்து ஜஸ்டஸ் அவளைப் பார்த்தான். அவன் இப்படிப் பயந்து அவள் பார்த்ததில்லை. அவளைப் பார்த்துப் பயமா, கூட்டத்தைப் பார்த்துப் பயமா என்று தெரியவில்லை.

“மைனி... போவாத மைனி” என்றான்.

“வாயை மூடிட்டுக் கிட. ரத்தம் நிக்கட்டும்.”

*

ஜீப்பில் வந்தது ஒரு பெண் எஸ்.ஐ. ஆம்புலன்ஸ் ஆட்கள் ஜஸ்டஸைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

எஸ்.ஐ. பார்த்தது இதைத்தான்: ரத்தக்கறை பிடித்த படி, மண்டை உடைந்த ஒரு ஆள், கையில் கம்போடு ஒரு பெண்.

“யாரு அடிச்சது?”

மார்க்கெட் முழுக்க ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. எஸ்.ஐ. கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான்தான்” என்றாள் லீலாபாய்.

“எதுக்கு?”

“பிள்ளையை இழுத்தான். விடச் சொன்னேன். இரும்புக் குழாயால எனக்க தோள்ல அடிச்சான். மறுபடியும் ஓங்கினான். கையில அடிச்சேன். குழாய் விழுந்துது. எடுக்கக் குனிஞ்சான். கால்ல அடிச்சேன். விழுந்தான். விழும்போது படியில தலை பட்டுது. குழாய் பெஞ்சுக்கடியில கிடக்கு. காலால தள்ளினேன், கையால தொடல்ல.”

எஸ்.ஐ. அவளை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒருத்தரும் அவரிடம் நேராகச் சொன்னதில்லை போலிருக்கிறது.

“சரி. அவன் கீழ விழுந்த பிறகு?”

அதே கேள்வி. லீலாபாய்க்கு அந்தக் கூண்டின் கம்பி கண்முன்னால் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்த கையும் வந்தது.

“விழுந்த பிறகு எடுத்தேன்” என்றாள்.

“எடுத்தீங்களா? எதை?”

“அவனை.”

ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஜஸ்டஸின் தலையில், வாழைக்கறை பிடித்த அவளுடைய துவர்த்து கட்டியிருந்தது. எஸ்.ஐ. அதைப் பார்த்தார்.

“இந்த மிதி யாரு குடுத்தது? விலாவுல செருப்புத் தடம் இருக்கே.”

சுமட்டுத் தொழிலாளி ஒருத்தன் மெதுவாகக் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்தான். லீலாபாய் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“எனக்க செருப்பு இல்ல மேடம். அது யாருன்னு அவங்களே வந்து சொல்லுவாங்க. சொல்லணும்.”

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பையன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான்.

“அம்மா, அவன் உங்க மேலயும் புகார் குடுக்கலாம்” என்றார் எஸ்.ஐ. “விசாரணைக்கு நீங்களும் வரணும். ஒண்ணும் இல்லைன்னு நான் இப்பமே சொல்ல முடியாது.”

“வாறேன். எப்பம் கூப்பிட்டாலும் வாறேன். இதையேதான் சொல்லுவேன். மாத்திச் சொல்ல என்கிட்ட வேற இல்ல.”

“முதல்ல தோளைக் காட்டுங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

*

ஆசான் கடைசி டிரிப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, கண்டக்டர் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

லீலாபாய் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நினைத்தார். போகவில்லை. ஆண்கள் வார்டுக்கு வெளியே நீளமான பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்கியது. பக்கத்தில் அஜிதா அவள் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். வார்டு வாசலில் ஒரு போலீஸ்காரி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“தோள்?”

“எலும்பு விண்டுருக்காம். சேர்ந்துரும்.”

“அவன்?”

“தலையில தையல். கை ஒடிஞ்சுருக்கு. சாவ மாட்டானாம், டாக்டர் சொல்லியாச்சு.”

ஆசான் பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். அவருக்குச் சொல்லத் தோன்றியது நிறைய இருந்திருக்கும். சொல்லுகிற ஆளா அவர்?

“புகார் எழுதிக் குடுத்தாச்சா?”

“குடுத்தாச்சு. இந்தத் தடவை குடும்ப விஷயம்னு ஒருத்தரும் சொல்லல்ல.”

“வீட்டுக்குப் போவோம் எக்கா. ஆட்டோ நிக்குது. பிள்ளையும் தூங்கிட்டு.”

“போவ முடியாது ஆசானே.”

“ஏன்?”

லீலாபாய் வார்டுக் கதவைப் பார்த்தாள். கதவின் வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், தலையில் வெள்ளைக் கட்டோடு ஒருத்தன் குப்புறவும் படுக்க முடியாமல் மல்லாக்கவும் படுக்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தான்.

“அவன் இன்னும் எழும்பல்லயே.”

ஆசான் அவளைத் திரும்பிப் பார்த்தார். களத்து வழக்கம் களத்துக்கு வெளியே வந்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதை அவர் அன்றுதான் பார்த்தார். மடியில் வைத்திருந்த டிக்கெட் பையை எதற்கோ திறந்து, எதற்கோ மூடினார்.

“அவன் மேல அவ்வளவு இரக்கமா எக்கா?”

“இரக்கமா?” லீலாபாய்க்குச் சிரிப்பு வந்தது. தோள் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். மகளின் முடியை மெதுவாக ஒதுக்கிவிட்டாள்.

“நல்லா எழும்பட்டும் ஆசானே. ரெண்டு காலையும் ஊணி நிக்கட்டும். கூண்டுல வந்து நிக்கணும்லா.”